ரெண்டர் முடிந்தது, வீடியோவை எதில் போடுவது? எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர், பிளெண்டரின் சொந்த ஏற்றுமதி: ஒரு விமர்சனம்

ஒரு நிமிட அனிமேஷனை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் போட, அதாவது ஃப்ரேம் ஃப்ரேமாகப் படமாக்க, ஒரு ராத்திரி ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அதை வீடியோவாக மாற்ற இரண்டு நிமிடம் போதும். படம் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தில்தான். இரவு வானத்தில் படிக்கட்டு மாதிரி பட்டைகள், சிவப்பு எழுத்தின் ஓரத்தில் கசிவு, அலுவலகக் கணினியில் ஓடி வாடிக்கையாளரின் ஐபோனில் கறுப்புத் திரை. ரெண்டர் தரத்தைக் கூட்டும் சாம்பிள் எண்ணை 512லிருந்து 2048க்கு ஏற்றினால் இதில் எதுவும் சரியாகாது. கோளாறு ரெண்டரில் இல்லை.

வீடியோவாக மாற்ற இங்கே பார்க்கப்போகும் நான்கு வழிகளுமே இலவசம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கமாண்ட் லைனில் கட்டளை எழுதி ஓட்டும் எஃப்எஃப்எம்பெக் முதலிடம். கமாண்ட் லைனைப் பார்த்தாலே ஒதுங்குகிறவர்களுக்கு ஷட்டர் என்கோடர். ஹேண்ட்பிரேக் நல்ல கருவி, ஆனால் அது இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதில்லை. பிளெண்டருக்குள் இருக்கும் வீடியோ ஏற்றுமதி, சோதனை ரெண்டருக்கு மட்டும்.

பிளெண்டரின் சொந்த ஏற்றுமதி

அவுட்புட் பகுதியில் எஃப்எஃப்எம்பெக் வீடியோ என்று தேர்ந்தெடுத்தால் போதும், ரெண்டர் முடிந்ததும் கையில் வீடியோ. புதிய பதிப்புகளில் மீடியா டைப்பை முதலில் வீடியோ என்று மாற்ற வேண்டும். வசதிதான். ஆனால் 1440 ஃப்ரேமில் 1300ஆவது ஓடும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எம்பி4 ஃபைலில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, எழுதி முடிக்கும்போதுதான் கடைசியில் சேரும். அட்டவணை இல்லாத எம்பி4 எந்த பிளேயரிலும் திறக்காது. 1299 ஃப்ரேமும் உள்ளே இருக்கும், எளிதில் எடுக்க முடியாது. பிளெண்டர் இப்போது மட்ரோஸ்காவை, அதாவது எம்கேவியை, இயல்பான கன்டெய்னராக (படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் ஃபைல் வகையாக) வைத்திருப்பது இந்த வகையில் நல்லது. பாதியில் நின்றாலும் எம்கேவி அதுவரை எழுதியதைக் காட்டும்.

அதைவிடப் பெரிய குறை வேறு. ஒரே ஒரு ஃப்ரேமில் பொருள் ஒன்று மறைந்திருந்தால், வீடியோவாக ரெண்டர் போட்டவர் எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமையும் தனிப் படமாக, பிஎன்ஜி வரிசையாகப் போட்டவர் அந்த ஒரு ஃப்ரேமை மட்டும் போட்டுப் பழையதன் மேல் வைத்தால் முடிந்தது. அவுட்புட்டில் ஓவர்ரைட்டை அணைத்து, பிளேஸ்ஹோல்டர்ஸை இயக்கிவிட்டால், ஒரே ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டு இரண்டு கணினிகள் ஃப்ரேம்களைப் பங்குபோட்டு ரெண்டர் செய்யும். வீடியோ ஃபைலில் இது நடக்காது.

இடம்தான் பிரச்சினை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1920க்கு 1080, 8 பிட் பிஎன்ஜி ஒரு ஃப்ரேம் 3 எம்பி என்று வைத்தால், 24 ஃப்ரேம் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 1440 ஃப்ரேம், 4.3 ஜிபி. ஒரு வாரத்து ரெண்டருக்கு இந்த இடம் பெரிதில்லை.

அவசரத்துக்கு நேரடியாக வீடியோவே போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். அவுட்புட் குவாலிட்டியில் ‘மீடியம்’ என்பது சிஆர்எஃப் (எவ்வளவு சுருக்குவது என்று சொல்லும் எண்) 23. ‘ஹை’ என்றால் 20. ‘பெர்செப்சுவலி லாஸ்லெஸ்’ என்றால் 17. சிஆர்எஃப் எண் குறையக் குறைய தரம் கூடும். மீடியத்திலேயே விட்டுவிட்டு வானம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் நிறைய. ஆடியோ கோடெக்கில் (கோடெக் என்பது சுருக்கும் முறை) ‘நோ ஆடியோ’ என்று இருந்தால், டைம்லைனில் இசை ஓடினாலும் ஃபைல் ஊமையாகத்தான் வரும். பிஎன்ஜி வரிசையை மறுபடி பிளெண்டரின் வீடியோ சீக்வென்சருக்குள் கொண்டுவந்து வீடியோவாக்குபவர்கள், கலர் மேனேஜ்மென்டில் வியூ டிரான்ஸ்ஃபார்மை ‘ஸ்டாண்டர்ட்’ என்று மாற்ற வேண்டும். பிளெண்டர் 4.0 முதல் ஏஜிஎக்ஸ் என்ற நிறமாற்றம்தான் அங்கே இயல்பு. பிஎன்ஜியில் ஏற்கெனவே அது ஏறிவிட்டது. மறுபடி ஏற்றினால் படம் சாம்பல் பூத்துப்போகும்.

எஃப்எஃப்எம்பெக்: ஏன் முதலிடம்

2000இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் மேல்தான் மற்ற மூன்றும் ஏதோ ஒரு வகையில் நிற்கின்றன. பிளெண்டரின் பட்டியலிலேயே அதன் பெயர் இருக்கிறது. நேரடியாகப் பயன்படுத்தும்போது எந்த முடிவும் நம் கையை விட்டுப் போவதில்லை. தப்பான முடிவையும் அது சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும் என்பது அதன் குணம்.

முதல் தப்பு வேகத்தில். படவரிசையைக் கொடுத்து ஃப்ரேம்ரேட் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் 25 என்று எடுத்துக்கொள்ளும். பிளெண்டரின் இயல்பு 24. பத்து வினாடிக்காக ரெண்டர் போட்ட 240 ஃப்ரேம் 9.6 வினாடியில் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, பாட்டோடு சேர்த்தால் உதடு நகரும்போது தெரியும். ‘ஃப்ரேம்ரேட் 24’ என்பதை உள்ளீட்டுக்கு முன்னால் எழுத வேண்டும். உள்ளீட்டுக்குப் பின்னால் ‘ஆர் 24’ என்று எழுதினால் வேறு விளைவு: 25இல் படித்துவிட்டு 24 ஆக்குவதற்காகச் சில ஃப்ரேமைக் கழித்துவிடும். ஓட்டம் அங்கங்கே துள்ளும், காரணம் பிடிபடாது.

இரண்டாவது, ஃபைல் பெயர். பிளெண்டர் நான்கு இலக்கம் வைத்தால் சதவீதக் குறிக்குப் பின் ‘04டி’ என்று எழுத வேண்டும். இதையே விண்டோஸ் பேட்ச் ஃபைலில் போட்டால் சதவீதக் குறி இரண்டு வேண்டும், இல்லாவிட்டால் அது தின்றுவிடும். வரிசை 1001இல் தொடங்கினால் ‘ஸ்டார்ட் நம்பர்’ கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஃபைலே இல்லை என்று சொல்லிவிடும். நடுவில் ஒரு ஃப்ரேம் காணாமல் போயிருந்தால் பிழை என்று எதுவும் வராது, அந்த இடத்தோடு வீடியோ முடிந்துவிடும். 40 வினாடிப் படம் 17 வினாடியில் நின்றால் முதலில் ஃபோல்டரை எண்ணுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் பேரை மாட்டவைப்பது. பிஎன்ஜி ஆர்ஜிபி நிறத்தில் இருக்கிறது. அதை எச்.264 என்ற பரவலான கோடெக்குக்கு மாற்றும்போது எஃப்எஃப்எம்பெக் ‘நிறத்தை முடிந்தவரை காப்பாற்றுகிறேன்’ என்று நிறத்தைச் சுருக்காத 4:4:4 என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும். கணினியில் விஎல்சியில் அழகாக ஓடும். பல போன்களில், குவிக்டைமில், சில பிரவுசர்களில் திறக்கவே திறக்காது. அவற்றின் சிப்பில் 4:2:0 மட்டுமே தெரியும். ‘பிக்ஸல் ஃபார்மட் ஒய்யூவி420பி’ என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. பகிர்வதற்கான எல்லா எச்.264 ஃபைலுக்கும் இது கட்டாயம்.

இந்த 4:2:0 என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதும் நல்லது. வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்ஸலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் இரண்டுக்கு இரண்டு, நான்கு பிக்ஸலுக்கு ஒன்றாகச் சுருக்கிவிடும். சாதாரண காட்சியில் யாருக்கும் தெரியாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பில் ‘நன்றி’ என்று டைட்டில் போட்டுப் பாருங்கள். றகரத்தின் வளைவும் அதன் மேல் ஏறும் இகர மேல்விலங்கும் மெல்லிய கோடுகள்; சிவப்புக்கு வெளிச்ச மதிப்பும் குறைவு. விளிம்பு முழுக்கப் பல்பல்லாகக் கடித்துவைத்த மாதிரி வரும். 4:2:0 இருக்கும்வரை கோடெக்கை மாற்றினாலும் பிட்ரேட்டை (வினாடிக்கு எத்தனை பிட் என்பதை) ஏற்றினாலும் போகாது. எழுத்தை வெள்ளையாக்கலாம், தடிமனாக்கலாம், சிவப்பில் கொஞ்சம் மஞ்சள் கலந்து வெளிச்சத்தைக் கூட்டலாம், அல்லது 4கேயில் ஏற்றுமதி செய்யலாம். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளருக்கு மருந்து கிடையாது.

நிறம் மாறிப்போகும் கதை

ரெண்டரைப் பிஎன்ஜியில் பார்த்தால் ஒரு சிவப்பு, வீடியோவில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. பச்சையும் சற்று நகர்ந்திருக்கும். ஆர்ஜிபியை ஒய்யூவி (வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து வைக்கும் முறை) ஆக்க இரண்டு பழைய சூத்திரங்கள் இருக்கின்றன: பிடி.601, பிடி.709. முன்னது பழைய தொலைக்காட்சிக்கு, பின்னது எச்டிக்கு. எதுவும் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக்கின் மாற்றும் பகுதி 601ஐ எடுக்கும். 1080 உயரப் படத்தைப் பார்த்த பிளேயர் இது 709தான் என்று அனுமானித்துத் திருப்பும். போகும்போது ஒரு வழி, வரும்போது வேறு வழி.

சரிசெய்ய இரண்டும் வேண்டும். ஸ்கேல் ஃபில்டரில் ‘அவுட் கலர் மேட்ரிக்ஸ் பிடி709’ என்று சொல்வது உண்மையான மாற்றத்தைச் செய்யும். ‘கலர்ஸ்பேஸ்’, ‘கலர் பிரைமரீஸ்’, ‘கலர் டிஆர்சி’ மூன்றுக்கும் பிடி709 என்று எழுதுவது ஃபைலின் நெற்றியில் ஒட்டும் சீட்டு. சீட்டை மட்டும் ஒட்டிவிட்டு மாற்றத்தை விட்டால் நிறம் இன்னும் தப்பாகவே இருக்கும், ஆனால் இப்போது எல்லா பிளேயரிலும் ஒரே மாதிரி தப்பாக இருக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் மேக்கின் குவிக்டைம் பிளேயரில் படம் கொஞ்சம் வெளிறித் தெரியும். அது ஆப்பிள் 709 சீட்டைப் படிக்கும் காமா, அதாவது வெளிச்ச வளைவு, வேறு என்பதால் வருவது. அதற்காக ஃபைலில் கான்ட்ராஸ்டை ஏற்றினால் மற்ற எல்லா இடத்திலும் இருண்டுவிடும். விட்டுவிடுவதே மேல்.

ஓப்பன்இஎக்ஸ்ஆர் என்ற பட வடிவில் ரெண்டர் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் இருப்பது கச்சா லீனியர் ஒளி மதிப்பு, ஏஜிஎக்ஸ் எல்லாம் ஏறாதது. அதை நேராக எஃப்எஃப்எம்பெக்குக்குக் கொடுத்தால் இருட்டும் வெடித்த வெளிச்சமுமாக வரும். இஎக்ஸ்ஆரை பிளெண்டரின் கம்போசிட்டர் வழியாகவோ டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் வழியாகவோ நிறம் பார்த்துப் பிஎன்ஜியாக்கிய பிறகுதான் அடுத்த படி.

எச்.264 அமைப்புகள், பட்டைகள்

எச்.264, 2003இல் வந்த கோடெக். வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ‘யாருக்கு அனுப்புகிறேன் என்று தெரியாது’ என்ற நிலையில் இன்றும் அதுதான் பதில். அதை எழுதும் எக்ஸ்264 என்கோடரில் பார்க்க வேண்டியவை இரண்டு: சிஆர்எஃப், பிரிசெட். சிஆர்எஃப் தரத்தை நிர்ணயிக்கும். 6 எண் இறக்கினால் ஃபைல் அளவு ஏறக்குறைய இரட்டிக்கும். நேரடியாகப் பகிர 18, யூடியூப் போன்ற, மறுபடி அரைக்கும் இடங்களுக்கு 14 முதல் 16. பிரிசெட் என்பது என்கோடர் எவ்வளவு நேரம் யோசிக்கலாம் என்பது. ‘ஸ்லோ’ போதும். ‘பிளாசிபோ’ என்ற பிரிசெட்டுக்கு அந்தப் பெயரை வைத்தவர்களே உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.

‘டியூன் அனிமேஷன்’ என்ற ஆப்ஷனைப் பார்த்ததும் நமக்காகவே வைத்தது என்று தோன்றும். அது தட்டையான நிறமும் கறுப்புக் கோடும் உள்ள இருபரிமாணக் கார்ட்டூனுக்கானது. டீபிளாக்கிங்கை (கட்டங்களின் விளிம்பை மழுப்புவதை) கூட்டி, நுண்ணிய அமைப்பைக் காக்கும் கணக்கைக் குறைக்கும். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் போட்ட சிமென்ட் சுவரும் துணி நெசவும் இதில் மெழுகு பூசிய மாதிரி ஆகிவிடும். டூன் ஷேடர், கிரீஸ் பென்சில் வேலைகளுக்கு வையுங்கள், மற்றதற்குத் தொடாதீர்கள்.

இப்போது அந்த இரவு வானம். 8 பிட் வீடியோவில் வெளிச்சம் 16 முதல் 235 வரை, 220 படி. மேலே 20இல் தொடங்கிக் கீழே 39இல் முடியும் இருண்ட வானம் மொத்தம் இருபதே படிகளைத்தான் பயன்படுத்துகிறது. பக்கவாட்டில் 1920 பிக்ஸலில் அந்தச் சாய்வு ஓடினால் ஒவ்வொரு பட்டையும் 96 பிக்ஸல் அகலம். எல்இடி டிவியில் தெள்ளத்தெளிவாகத் தெரியும். பிளெண்டரில் போஸ்ட் பிராசசிங் பகுதியில் உள்ள டிதர் மதிப்பு பூச்சியமாக இருக்கக்கூடாது; அந்த நுண்புள்ளிகள்தான் படியை மறைக்கின்றன. ஆனால் சிஆர்எஃப் 23இல் என்கோடர் செய்யும் முதல் வேலை, அந்தப் புள்ளிகளைக் குப்பை என்று நினைத்துத் துடைப்பது. அதனால்தான் ரெண்டரில் இல்லாத பட்டை வீடியோவில் வருகிறது. எக்ஸ்264இல் ‘ஏக்யூ மோட் 3’ வைத்தால் இருண்ட பகுதிக்குக் கூடுதல் பிட் ஒதுக்கும். போதாவிட்டால் மெல்லிய கிரெய்ன் (பொடிப்புள்ளி) சேர்த்து சிஆர்எஃப்பை 16க்கு இறக்குங்கள். ஃபைல் வீங்கும், பரவாயில்லை. புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸரை முழுதாகப் போட்டு வழுவழுப்பாக்கிய ரெண்டர்களில்தான் இந்தத் தொல்லை அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ என்ற கொடியை எம்பி4க்கு எப்போதும் போடுங்கள். மேலே சொன்ன அட்டவணையை ஃபைலின் தலைக்கு நகர்த்துவதால், வலைப்பக்கத்தில் முழுதாக இறங்கும் முன்பே ஓடத் தொடங்கும். படத்தின் அகலமோ உயரமோ ஒற்றைப்படையானால் ‘இரண்டால் வகுபடவில்லை’ என்று என்கோடர் மறுக்கும். 1080க்கு 1350 இன்ஸ்டாகிராம் படத்தை 50 சதவீதத்தில் சோதனை ரெண்டர் போட்டால் உயரம் 675, அங்கேயே மாட்டும். ஸ்கேல் ஃபில்டரில் இரட்டைப்படைக்குச் சரிக்கட்டலாம், அல்லது ஓரத்தில் ஒரு பிக்ஸல் சேர்த்து நிரப்பலாம்.

அளவு வரம்பு இருந்தால் சிஆர்எஃப் உதவாது, இரண்டு பாஸ் முறைதான் (முதல்முறை அளந்து, மறுமுறை எழுதுவது). 20 எம்பிக்குள் ஒரு நிமிடம் வேண்டும் என்றால்: 20ஐ 8ஆல் பெருக்கினால் 160 மெகாபிட், 60ஆல் வகுத்தால் வினாடிக்கு 2.67. ஒலிக்கு 0.128 கழித்தால் 2.54. கன்டெய்னருக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் கொஞ்சம் விட்டு 2.4 என்று கொடுங்கள். இதில் 1080 உயரம் திணறும் என்று தெரிந்தால் 720க்கு இறக்குங்கள். கட்டம் கட்டமான பெரிய படத்தைவிடத் தெளிவான சின்னப் படம் மேல்.

எச்.265, ஏவி1, விபி9

எச்.265 2013இல் வந்தது. அதே தரத்துக்குச் சின்ன ஃபைல், 10 பிட் ஆதரவு, ஆகவே வானப் பட்டைக்கு நல்ல தீர்வு. தொல்லை அனுமதியில். விண்டோஸில் பலருக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கும் இணைப்பு வேண்டும். ஆப்பிளிலோ எஃப்எஃப்எம்பெக் இயல்பாக வைக்கும் ‘எச்இவி1’ என்ற சீட்டு பிடிக்காது, குவிக்டைம் திறக்காது. ‘டேக் எச்விசி1’ என்று சேர்த்தால் அதே ஃபைல் அப்படியே ஓடும். எக்ஸ்265இன் இயல்பு சிஆர்எஃப் 28. எக்ஸ்264இன் எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒப்பிடக்கூடாது.

ஏவி1 2018இல் வெளியானது, உரிமக் கட்டணம் இல்லாதது. எஸ்விடி என்கோடரில் பிரிசெட் 6, 10 பிட் வைத்தால் வேகமும் தரமும் ஏற்கத்தக்கவை. சொந்த வலைத்தளத்துக்கு நன்று. யாருக்காவது அனுப்புவதற்கு இன்னும் நம்பமுடியாது: ஐபோனில் வன்பொருள் ஆதரவு 2023இன் 15 ப்ரோவில்தான் தொடங்கியது.

விபி9 என்ற கோடெக்கின் உண்மையான பயன், ஆல்ஃபா, அதாவது ஒளிபுகும் பின்னணி. வலைப்பக்கத்தில் பின்னணி இல்லாமல் ஒரு லோகோ சுழல வேண்டும் என்றால் வெப்எம் கன்டெய்னரில் விபி9, பிக்ஸல் ஃபார்மட் ஒய்யூவிஏ420பி. ‘ஆட்டோ ஆல்ட் ரெஃப்’ பூச்சியம் என்று வைக்காவிட்டால் ஆல்ஃபாவோடு சேராது என்று மறுத்துவிடலாம். சிஆர்எஃப் கொடுக்கும்போது வீடியோ பிட்ரேட் பூச்சியம் என்றும் கொடுக்க வேண்டும். முடிந்த ஃபைலை எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்ப்ரோப் என்ற சோதனைக் கருவியில் பார்த்தால் ‘ஒய்யூவி420பி’ என்றே காட்டும். ஆல்ஃபா போய்விட்டது என்று பதறி மறுபடி செய்ய வேண்டாம். எஃப்எஃப்எம்பெக்கின் உள் டிகோடர் அதைப் படிப்பதில்லை, அவ்வளவுதான். டேக்குகளில் ‘ஆல்ஃபா மோட் 1’ இருந்தால் உள்ளே இருக்கிறது. குரோமில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். சஃபாரியில் இது பின்னணியோடு வரும். அங்கே ஆல்ஃபா கொண்ட எச்.265 தனியாகச் செய்து வைக்க வேண்டும்.

எடிட்டருக்குக் கொடுப்பது

எடிட்டிங்குக்கு எச்.264 கொடுப்பது அரைத்த மாவை நெல்லாக்கச் சொல்வது. அதில் பெரும்பாலான ஃப்ரேம்கள் முழுப் படமே இல்லை, முன்பின் ஃப்ரேமிலிருந்து எவ்வளவு மாறியது என்ற குறிப்பு மட்டும். எக்ஸ்264 இயல்பாக 250 ஃப்ரேம் வரைக்கும் ஒரு கீஃப்ரேம் (முழுப் படம்) வைக்காமல் ஓடும். எடிட்டிங்குக்கான கோடெக்குகளான ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் இரண்டிலும் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும், இழுத்துப் பார்த்தால் ஒட்டாமல் நகரும்.

எஃப்எஃப்எம்பெக்கின் ‘ப்ரோரெஸ் கேஎஸ்’ என்கோடரில் புரொஃபைல் 3 என்றால் 422 எச்க்யூ. 1080, 24 ஃப்ரேமில் வினாடிக்குச் சுமார் 176 மெகாபிட், நிமிடத்துக்கு 1.3 ஜிபி. புரொஃபைல் 4 என்றால் 4444, ஆல்ஃபாவோடு. அதற்கு ஒய்யூவிஏ444பி10எல்இ என்ற பிக்ஸல் ஃபார்மட். நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி. எடிட்டர் கொண்டுவந்து வைத்ததும் பொருளைச் சுற்றி வெளிச்சமான விளிம்பு தெரிந்தால் கோடெக் குற்றமில்லை. பிளெண்டரின் பிஎன்ஜியில் ஆல்ஃபா ஸ்ட்ரெயிட் (நிறத்தோடு பெருக்காதது). எடிட்டிங் மென்பொருள் பிரீமல்டிப்ளைட் (ஏற்கெனவே பெருக்கியது) என்று எடுத்துக்கொண்டிருக்கும். கிளிப்பின் அமைப்பில் மாற்றினால் போய்விடும்.

லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு வைத்திருப்பவருக்கு எச்.264ஐ அனுப்பவே அனுப்பாதீர்கள், திறக்காது. ஏஏசி ஒலியும் கேட்காது. டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ், ஒலி பிசிஎம், கன்டெய்னர் குவிக்டைம் என்று கொடுத்தால் சிக்கலில்லை. டிஎன்எக்ஸ்எச்டி என்ற பழைய வகையைத் தவிருங்கள். அது குறிப்பிட்ட சில அளவு, ஃப்ரேம்ரேட், பிட்ரேட் கூட்டணிகளைத் தவிர எதையும் ஏற்காது.

ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர்

ஹேண்ட்பிரேக் படவரிசையைத் திறக்காது. இந்த ஒன்றே அதை நமக்கு இரண்டாம் படிக் கருவியாக்கிவிடுகிறது: முதலில் எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத எம்கேவி, அதற்குப் பிறகுதான் இது. ஆல்ஃபா தெரியாது. மாஸ்டர் ஃபைலை அழகாகச் சுருக்கும், பட்டன்கள் தெளிவாக இருக்கும், வரிசையில் பத்து ஃபைலைப் போட்டுவிட்டுத் தூங்கலாம். அதன் இயல்பு அமைப்புகள் டிவிடிக் காலத்தவை. கிராப்பிங் தானாக நடக்கும்; மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து நீங்கள் வேண்டுமென்றே செய்த சினிமாஸ்கோப் சட்டகத்தை வெட்டிவிடும். இருண்ட காட்சிகள் நிறைந்த படத்தில் விளிம்பையே தப்பாக எடுக்கலாம். ‘ஃபாஸ்ட் 1080பி30’ பிரிசெட் 60 ஃப்ரேம் படத்தை முப்பதாக்கிவிடும், கேட்காது. கிராப்பிங்கை ‘நன்’, ஃப்ரேம்ரேட்டை ‘சேம் அஸ் சோர்ஸ்’, ‘வெப் ஆப்டிமைஸ்ட்’ டிக். இந்த மூன்றையும் மாற்றி உங்கள் சொந்த பிரிசெட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் என்கோடர் எஃப்எஃப்எம்பெக்கின் மேல் போட்ட சட்டை. படவரிசையை ஏற்கும், ஃப்ரேம்ரேட்டைக் கேட்கும், ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர், எஃப்எஃப்வி1 எல்லாம் ஒரே பட்டியலில். ஃபைல் அளவு இவ்வளவு வேண்டும் என்று எழுதினால் பிட்ரேட்டைத் தானே கணக்கிடும். முகப்புதான் கண்ணைக் குத்துகிறது. பட்டியலில் வீடியோவும் ஒலியும் படமும் டிஸ்க் வேலையும் ஒன்றின்மேல் ஒன்று. பத்து நிமிடம் தேடிய பிறகு பழகிவிடும். ஸ்டுடியோவில் கமாண்ட் தெரியாத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டுமென்றால் இதையே நிறுவிக்கொடுப்பேன்.

கிராஃபிக்ஸ் கார்டின் என்கோடரைப் பற்றி ஒரு வரி. என்விடியா கார்டுகளின் என்வென்க் மிக வேகம். அதே தரத்துக்கு எக்ஸ்264 ஸ்லோவைவிடப் பெரிய ஃபைல். ராத்திரி முழுக்க ரெண்டர் போட்டவர் கடைசி ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதில்லை.

எங்கே போகிறது என்பதைப் பொறுத்து

யூடியூப் எதைக் கொடுத்தாலும் மறுபடி என்கோட் செய்யும். 1080க்கு 8, 4கேவுக்கு 35 முதல் 45 மெகாபிட் என்பது 30 ஃப்ரேம் வரைக்குமான அதன் பரிந்துரை. அதற்கு மேல் கொடுத்தால் தவறில்லை. 1080இல் ரெண்டர் போட்டதை லான்க்சோஸ் முறையில் 4கேவாகப் பெரிதாக்கி ஏற்றினால், பார்ப்பவருக்குப் பெரும்பாலும் விபி9இல், கூடுதல் பிட்ரேட்டில் போய்ச்சேரும். துகள்கள், மழை, புல் அசையும் காட்சிகளில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அதுவும் நசுக்கும். டாக்குமென்ட் என்று இணைத்தால் 2 ஜிபி வரை ஒரு பிட் மாறாமல் போகும். வாடிக்கையாளர் ஒப்புதலுக்கு அனுப்பும்போது இந்த வழிதான், இல்லாவிட்டால் ‘ஏன் மங்கலாக இருக்கிறது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஜிஃப் கேட்பவர்களும் உண்டு. 256 நிறம் என்பது தெரிந்த குறை. தெரியாதது, ஜிஃப்பில் ஃப்ரேம் நேரம் நூறில் ஒரு பங்கு வினாடியாகத்தான் எழுத முடியும், ஆகவே 24 ஃப்ரேம் வேகமே அதில் கிடையாது. சுழலும் லூப்பை 25இல் ரெண்டர் போட்டால் துள்ளாது.

அனுப்புவதற்கு முன் எஃப்எஃப்ப்ரோபை ஒருமுறை ஓட்டுங்கள். பார்க்க வேண்டியது நான்கு: பிக்ஸல் ஃபார்மட் ஒய்யூவி420பி தானா, கலர்ஸ்பேஸ் பிடி709 என்று இருக்கிறதா, ஃப்ரேம்ரேட் பிளெண்டரில் வைத்ததா, மொத்த ஃப்ரேம் எண்ணிக்கை ஃபோல்டரில் உள்ள பிஎன்ஜி எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா. கடைசியில் ஒன்று குறைந்தால்கூட, பிளெண்டரின் எண்ட் ஃப்ரேமைப் போய்ப் பாருங்கள். 1இலிருந்து 240 என்பதற்குப் பதில் 0இலிருந்து 239 என்று யாரோ வைத்திருப்பார்கள், கமாண்டில் ஸ்டார்ட் நம்பர் இன்னும் 1 என்றே இருக்கும்.